உப்புக் குறைத்த சொதி: ஒரு குசினிப் பதிவு

பெரியப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி கிளினிக்கில் எழுதித் தந்துவிட்டார்கள். பிரஷர் கூடி, காலிலும் வீக்கம். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு, அதாவது தலைதட்டிய தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேலெல்லையும் இதுதான். ஆகவே நோயாளிக்கென்று தனியாக விதித்த தண்டனை ஒன்றும் இல்லை. ஆனாலும் திருகோணமலை அலஸ்தோட்டத்தில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில், கருவாடும் சம்பலுமாக ஓடிக்கொண்டிருந்த வீடு இது.

வீட்டில் சமையல் என் பொறுப்பு. மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். நான் பிரிட்ஜ், ஏசி திருத்துகிறவன். நேரம் என் கையில். இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றக்கூடாது. மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். சமையலிலும் அதையே பிடித்துக்கொண்டு, பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதி வந்தேன். அதிலிருந்துதான் இந்தப் பதிவு.

சோதிக்க எடுத்தது சொதி. மீன்குழம்பை எடுத்திருந்தால் வறுத்த கறித்தூளும் கொறுக்காய்ப்புளியும் சேர்ந்து பாதிக் குறையை மறைத்துவிடும். சொதியில் ஒளிய இடம் கிடையாது. தேங்காய்ப்பால், வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கடைசியில் தேசிக்காய், அவ்வளவுதான். உப்புக் குறைந்தால் முதல் அகப்பையிலேயே காட்டிக்கொடுக்கும். இரவில் இடியப்பத்தோடு அநேகமாக தினமும் வருகிற சாமான் வேறு.

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. நாங்கள் கையால் போடும் உப்பை விட, கடையிலிருந்து தானாக வீட்டுக்கு வரும் உப்புத்தான் தொந்தரவு. பாணில் இருக்கிறது. கிறாக்கர் பிஸ்கட்டில் இருக்கிறது. பக்கெட் நூடில்ஸ், சூப் கியூப், சோஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. பக்கெட்டில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. காலையில் பாணும் பின்னேரம் பிஸ்கட்டும் சாப்பிடுகிற மனுசனுக்கு, குசினியில் ஒரு துளி போடாமலே நாளின் பங்கில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் இருந்தால் கணக்கே வேண்டாம். அவற்றை முதலில் நிறுத்தினேன். பிஸ்கட் போய் வாழைப்பழம் வந்தது. பிறகு குசினிக்கு 2.5 கிராம் என்று ஒதுக்கினேன்.

நகை நிறுக்கிற மாதிரி சின்ன இலக்ட்ரோனிக் தராசு ஒன்று வாங்கினேன். கரண்டிக் கணக்கு இதற்குச் சரிவராது. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே நிறை இல்லை. நிலாவெளி உப்பளத்துக் கல்லுப்பென்றாலும் பக்கெட் தூளுப்பென்றாலும் கிராமுக்குக் கிராம் சோடியம் ஏறத்தாழ ஒன்றுதான். இந்துப்புப் போட்டால் பிரஷர் ஏறாது என்று சொல்லிக்கொண்டு வந்த சொந்தக்காரர்களுக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். சோடியம் குறைந்த உப்பென்று விற்கும் சாமானில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் சில வகைப் பிரஷர் மாத்திரை குடிப்பவர்களுக்கும் அது ஆபத்தாக முடியலாம். டொக்டரைக் கேட்காமல் அதை வீட்டுக்குள் எடுக்கவே கூடாது. நாங்கள் எடுக்கவில்லை.

முதல் சட்டியில் வேறு எதையும் மாற்றவில்லை. வழக்கமான சொதி, உப்பு மட்டும் இல்லை. சப்பென்று இருக்கும் என்று தெரியும். ஆனால் நான் எதிர்பார்த்தது வெறும் வெறுமை. வந்ததோ கசப்பு. நாக்கின் பின்பக்கத்தில் வெந்தயமும் மஞ்சளும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டன. உப்பு தன் சுவையைக் கொடுப்பதோடு கசப்பை அமுக்கவும் செய்கிறது. உப்பை எடுத்தால், அது இவ்வளவு நாளும் அமுக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வரும். சப்பென்ற சாப்பாடு என்றால் ஒன்றும் இல்லாத சாப்பாடு என்றுதான் நினைக்கிறோம். அந்தச் சட்டியில் எல்லாம் இருந்தது, ஒழுங்குதான் இல்லை.

மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, இது கசாயத்துக்குத் தேங்காய்ப்பால் விட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

பெரியப்பா முழுக்கச் சாப்பிட்டார். "நல்லா இருக்குத் தம்பி" என்றார்.

இந்தப் பதிவில் அதுதான் பெரிய சிக்கல். யாருக்காகச் சமைக்கிறேனோ அவரிடமிருந்து ஒரு தகவலும் வராது. குடும்பத்தில் பெரியப்பாவுக்கு இருக்கும் பெயரே உப்புச்சப்பில்லாத மனுசன் என்பதுதான். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாண வீட்டில் அவருக்குப் பக்கத்துக் கதிரை கடைசிவரை காலியாகத்தான் இருக்கும். அரசியல் பேசமாட்டார், ஊர்ப்புதினம் பேசமாட்டார், ஒருவரைப் பற்றி நல்லதும் சொல்லமாட்டார் கெட்டதும் சொல்லமாட்டார். அத்தை வெளிப்படையாகவே சொல்லுவா: "அண்ணரோட பத்து நிமிசம் கதைச்சா எனக்குக் கொட்டாவி வந்திடும்." அப்படிப்பட்டவரிடம் போய் சொதி எப்படி என்று கேட்டால் வேறு என்ன வரும்?

சரி, மகளின் நாக்கை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

முதலில் வெந்தயம். கால் தேக்கரண்டி போட்டுக்கொண்டிருந்ததை ஒரு சிட்டிகையாக்கினேன். எண்ணெயில் இளஞ்சிவப்பு வந்தவுடனே இரண்டாம் பாலை ஊற்றிவிட வேண்டும். நிறம் கறுக்க விட்டால் கசப்புக் கூடுகிறது, அதை அமுக்க இப்போது உப்பும் இல்லை. மஞ்சள் நிறத்துக்கு மட்டும். இந்த ஒரு மாற்றத்தில் கசப்புப் போய்விட்டது. மிச்சம் இருந்ததுதான் உண்மையான சப்பு: வழுவழுவென்று, கொழுப்பாக, எங்கேயும் நிற்காமல் தொண்டைக்குள் இறங்குகிற ஒன்று.

அடுத்தது புளிப்பு. தேசிக்காய்ச் சாற்றைக் கூட்டினேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாக்கில் படலமாகப் படியும். அதை வெட்ட புளிப்பைப் போல ஒன்று இல்லை. ஆனால் எப்போது விடுவது என்பதில்தான் விசயம். கொதிக்கும்போது விட்டால் பால் திரையும், தேசிக்காய் மணமும் ஆவியோடு போகும். முதற்பால் விட்டு, ஒரு பொங்கு வருவதற்கு முன் இறக்கி, சட்டியின் சூடு கொஞ்சம் அடங்கியபின் விட வேண்டும். மனைவி இதைக் காலம் காலமாகச் செய்கிறாள். நான்தான் அளவு எழுதினேன்.

புளிப்பும் ஒரு கட்டத்துக்கு மேல் உதவவில்லை. முன்னால் ஒரு வெட்டு இருக்கிறது, பின்னால் ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடிந்த பிறகு வாயில் தங்குகிற அந்தக் கனம் வரவில்லை. அதற்கு மாசி. ஜப்பானில் இக்கேடா என்ற வேதியியலாளர் 1908 இல், வாயில் தங்குகிற அந்தச் சுவையைத் தரும் குளுட்டமேட்டைக் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். 1913 இல் அவருடைய மாணவர் கொடாமா, காய்ந்த சூரை மீனிலுள்ள இனோசினேட்டும் அதே வகைச் சுவையைத் தருகிறது என்று கண்டார். எங்கள் மாசியும் சூரை இனத்து மீனை அவித்து, புகைபோட்டு, காயவைத்ததுதான். தக்காளியில் குளுட்டமேட் இருக்கிறது, மாசியில் இனோசினேட். இரண்டும் ஒரு சட்டிக்குள் சேர்ந்தால் ஒன்றையொன்று பல மடங்கு தூக்கிவிடும். ஆகவே நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றை வெங்காயத்தோடு கரையும் வரை வதக்கி, இடித்த மாசி ஒரு தேக்கரண்டி சேர்த்தேன். மாசியிலும் உப்பு உண்டு, அதனால் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தி, அதையும் கணக்கில் எழுதினேன்.

அன்றைக்குச் சட்டி மாறியது. மகள் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள்.

மணத்தில் நிறைய நேரம் செலவழித்தேன். சுவை என்று நாங்கள் சொல்வதில் பெரும் பங்கு மூக்கின் வேலை. தடிமன் பிடித்தால் எல்லாச் சாப்பாடும் ஒன்றாகத் தெரிவது அதனால்தான். ரம்பை இலையை முழுதாகப் போடாமல் முடிச்சுப் போட்டு நசுக்கினேன். கறிவேப்பிலையை இரண்டு தரமாக, பாதி தாளிக்கும்போது, பாதி இறக்கியபின். மிளகை முன்கூட்டியே இடித்து வைக்காமல் அந்த நேரத்தில் இடித்தேன். எனக்கும் மகளுக்கும் ஒவ்வொன்றும் தெரிந்தது. பெரியப்பாவின் கோப்பை வழக்கம்போலக் காலியானது, பதிலும் வழக்கம்போல.

பிறகு ஒரு நாள், சோளகக் காற்று அடித்து வரண்டு கிடந்த நேரம், குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று கிணற்றுத் தண்ணீரில் சமைத்தேன். எங்கள் கிணறு அந்தப் பருவத்தில் கொஞ்சம் உவர்க்கும். குளிக்கத்தான் பாவிப்போம். தண்ணீர் மாறியது எனக்குத் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. பெரியப்பா இரண்டாவது வாயில் நிறுத்தினார்.

"இண்டைக்குக் கிணத்துத் தண்ணியோ தம்பி?"

கேள்வி கேட்ட விதம்தான் இவ்வளவு நாளும் பிழையாக இருந்திருக்கிறது என்று அப்போது பட்டது. நல்லா இருக்கா என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் இருக்கும். உணவுத் தொழிற்சாலைகளில் முக்கோணச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். மூன்று கோப்பை வைப்பார்கள். இரண்டில் ஒரே சாமான், ஒன்றில் வேறு. எது பிடித்தது என்று கேட்பதில்லை, எது வேறு என்று மட்டும் கேட்பார்கள். கண்ணை மூடிச் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும், அதனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நானும் மூன்று கோப்பை வைத்து ஆரம்பித்தேன்.

பெரியப்பா கெட்டிக்காரர், எல்லாவற்றையும் கண்டுபிடித்தார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ரம்பையைக் கூட்டியதும் கறிவேப்பிலை மாற்றியதும் அவருக்குத் துளியும் பிடிபடவில்லை. வயது போகப் போக நாக்கை விட மூக்குத்தான் அதிகம் மங்கும். சில பிரஷர் மாத்திரைகளும் சுவையைக் கெடுப்பதுண்டு. ஆனால் உப்பும் புளிப்பும் மாறினால் விடமாட்டார். முதற்பாலில் தண்ணீர் கூடிவிட்டதையும் சொன்னார். எனக்கு அதில் பாதிகூடத் தெரியவில்லை. இந்தத் தகவலால் வேலை சுளுவாகிவிட்டது. அவருடைய சட்டிக்கு மணத்தில் மினக்கெடுவது வீண். புளிப்பிலும், பாலின் கனத்திலும், வாயில் கடிபடுகிற சாமானிலும் கையை வைத்தால் போதும். மெல்லிசாக அரிந்த பச்சை வெங்காயத்தை மேலே தூவுவது அப்போது வந்தது. வழுவழுப்புக்கு நடுவில் ஒரு மொறுமொறுப்பு.

உப்பைப் போடும் இடத்தையும் மாற்றினேன். ஒதுக்கிய உப்பைச் சட்டிக்குள் கரைத்தால் அது எல்லா இடமும் பரவி எங்கேயும் தெரியாமல் போகிறது. அதே அளவில் பாதியைச் சாப்பிடும்போது மேலே தூவினால் நாக்கில் நேரே படும், கூடுதலாகத் தெரியும். சின்ன மருந்துக் குப்பியில் நாளுக்கான உப்பை நிறுத்துப் போட்டு மேசையில் வைத்தேன். குப்பி முடிந்தால் நாள் முடிந்தது. பெரியப்பா அதை ரேசன் சாமான் போலவே பிரித்துப் பாவித்தார். களஞ்சியக்காரர் அல்லவா.

இந்தச் சோதனைகளுக்கிடையில் ஒரு பின்னேரம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "வித்தியாசம் தெரியுதுதானே பெரியப்பா, பிறகேன் முதல்ல இருந்து நல்லா இருக்கு நல்லா இருக்கு எண்டு சொன்னீங்கள்?"

அவர் யோசிக்கவே இல்லை. "செண்ட்ரியில கேப்பாங்கள், எங்க போறாய், சந்தைக்கு. என்ன வாங்க, மீன். நேற்று என்ன நடந்தது உங்கட பக்கம், தெரியாது சேர். அவ்வளவுதான் சொல்லோணும். சுவாரசியமாக் கதைச்சவன இன்னும் பத்துக் கேள்வி கேப்பாங்கள்."

போர் முடிந்த 2009 வரைக்கும் இந்த ஊரில் வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வீட்டுக்கும் கந்தோருக்கும் இடையில் எத்தனை இராணுவச் சோதனைச் சாவடி. களஞ்சியத்தில் வேறு எல்லாத் தரப்புக்கும் பதில் சொல்லுகிற வேலை. மனதில் நிற்காத முகமும் திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லாத பேச்சும் இருந்தால் பொழுது சாயும்போது வீட்டில் இருக்கலாம். அவர் சப்பென்று பிறக்கவில்லை, பழகி எடுத்திருக்கிறார். நாக்கு உப்புக்குப் பழகுவதைப் போலத்தான். பழகிய பிறகு, தேவை போனாலும் பழக்கம் போவதில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் அவ்வளவு இளகவில்லை. "சாவடியில சரி. வீட்டுக்குள்ளயும் அப்படி இருந்ததுக்குப் பெரியம்மாதானே விலை குடுத்தவ? பிள்ளையின்ர படிப்பு, காணிப் பிரச்சினை, எல்லாத்துக்கும் மனுசி தனிய நிண்டு வாய் கிழியக் கதைச்சுத் தேஞ்சு போனா." அதுவும் உண்மைதான். கனடாவில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் அழைப்பு ஒரு நிமிசத்தைத் தாண்டுவதில்லை. ஓம், சாப்பிட்டாச்சு, மழை இல்லை, வை. அந்தப் பக்கத்தில் இருக்கிறவன் இதை எப்படி எடுத்துக்கொள்வான் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கிறாரா தெரியாது.

ஆனால் அத்தை சொல்லும் கொட்டாவிக் கதையை நான் இப்போது ஏற்பதில்லை. எனக்கு அலுப்பைத் தருகிறவர்கள் வேறு ஆட்கள். ஒரு மச்சான் இருக்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் அதே பகிடி, அதே சத்தம், அதே சவால். முதல் அரை மணி நேரம் சிரிப்பு வரும். பிறகு அவர் எதற்கு என்ன சொல்வார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இரவுக் கடைக் கொத்துரொட்டியும் இப்படித்தான்: கோழி, மாடு, மரக்கறி எதைக் கேட்டாலும் கடைசியில் வாயில் நிற்பது உப்பும் கியூப்பும் உறைப்பும். உப்பில்லாமல் போனால் ஒரு மாதிரி மந்தம், எல்லாவற்றிலும் ஒரே அளவு உப்பு ஏறினால் இன்னொரு மாதிரி மந்தம். சோற்றை எங்கள் வீட்டில் உப்பில்லாமல்தான் வடிக்கிறோம். அதைச் சப்பென்று யாரும் குறை சொன்னதில்லை, அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. குறை சொல்வது கறியைத்தான்.

நாக்கு மாறியது மெதுவாக. 1982 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்து மாதம் உப்புக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு முன்பு பிடித்த உப்பின் அளவு பிடிக்காமல் போய், குறைந்த அளவே போதுமென்றானது. வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஆரம்பத்தில் மகள் தன் கோப்பைக்கு ஒளித்து உப்புப் போடுவாள். இப்போது போடுவதில்லை. பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் போன ஒரு நாள் கடையில் வடை வாங்கித் தின்றோம்; எனக்கே உவர்த்தது. பெரியப்பா பாதியோடு வைத்துவிட்டு, "கூடிப்போச்சு" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு சாப்பாட்டைப் பற்றி வந்த முதல் குறை அது. வடைக்காரர் பாவம்.

இப்போது நிலையாக நிற்கும் சொதி இது. நாலு பேருக்கு: பாதித் தேங்காய், இரண்டாம் பால் இரண்டு கப், முதற்பால் அரைக் கப். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பச்சைமிளகாய் மூன்று, தக்காளி ஒன்று, வெந்தயம் ஒரு சிட்டிகை, மாசி ஒரு தேக்கரண்டி, மஞ்சள் நிறத்துக்கு. வதக்கி, இரண்டாம் பாலில் அவித்து, முதற்பால் விட்டு, கொதிக்கவிடாமல் இறக்கி, ஆறியபின் ஒரு முழுத் தேசிக்காய். சட்டிக்குள் உப்பு 1 கிராம். மேலே பச்சை வெங்காயம். தேவையானவர்கள் தங்கள் குப்பியிலிருந்து தூவிக்கொள்ளலாம்.

பிட்டு பாதி சரிவந்திருக்கிறது. மாவில் உப்பை விட்டுவிட்டு, இடையில் போடும் தேங்காய்ப்பூவில் மட்டும் அரைக் கிராம் பிசறினால் கடிக்கிற இடத்தில் தெரிகிறது. மரவள்ளிக்கிழங்குதான் இன்னும் மசியவில்லை. உப்பில்லாமல் அவித்தால் மகள் தொடுவதில்லை, இடிசம்பல் வைத்தால் சம்பலில் உப்புக் கணக்குத் தாண்டுகிறது. அடுத்ததாக, பச்சைமிளகாயும் தேசிக்காயும் மாசியும் மட்டும் வைத்து உப்பில்லாச் சம்பல் ஒன்று இடித்துப் பார்க்க வேண்டும். மூன்று கோப்பையில் வைத்து, பெரியப்பாவிடம்தான் கேட்கப்போகிறேன்.